இடிந்த மதிலும் மாணவர் அறைகளும்

பாரீஸ் நகரின் தென்கோடியில், மோன்சூரி பூங்காவுக்கு எதிரே, ஜூர்தான் பெருஞ்சாலையை ஒட்டி நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் மரங்களுக்கிடையே நிற்கின்றன. ஒன்று ஜப்பானிய மாளிகையின் சாயலில் இருக்கும். இன்னொன்றுக்குக் கிரேக்கக் கோயிலின் முகப்பு. மற்றொன்று தடித்த தூண்களின் மேல் தூக்கி வைத்த பெட்டி. முன்னறிவிப்பில்லாமல் உள்ளே நுழைபவர் ஏதோ பொருட்காட்சி முடிந்தபின் பிரிக்க மறந்துவிட்ட அரங்குகள் என்றே நினைப்பார். உண்மையில் இவை மாணவர் விடுதிகள். பன்னாட்டுப் பல்கலைக்கழக நகர் என்பது இதன் முழுப் பெயர். உள்ளூரார் சுருக்கமாக ‘சித்தே’ என்பர்.

சில கோடைகளுக்கு முன் நாங்கள் இருவர் இங்கே பன்னிரண்டு நாட்கள் தங்கினோம். மாணவப் பருவம் எங்களைக் கடந்து வெகுகாலமாயிற்று. தேசிய நூலகத்தில் கொஞ்சம் வேலை இருந்தது. கையிலிருந்த பணமோ பாரீஸின் மிக மலிவான ஓட்டலுக்கும் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போனபின் காலியாகும் அறைகளைச் சில இல்லங்கள் வெளியாருக்குக் குறைந்த வாடகைக்குத் தருவதுண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னார். எழுதிக் கேட்டோம், அடுத்தடுத்த இரண்டு ஒற்றை அறைகள் கிடைத்தன. எந்த இல்லம் என்பதைச் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும்.

அறை என்பது ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரோடு பதித்த அலமாரி, கைகழுவும் தொட்டி, தெற்கு நோக்கிய ஒரு பெரிய சன்னல். சமையலறை மாடிக்கு ஒன்று, எல்லோருக்கும் பொது. விரிப்பும் போர்வையும் கீழே வரவேற்பில் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வில்லை தனியாக வாங்க வேண்டும். வரவேற்பிலிருந்தவர் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, நூலக அறைக்கான சாவி நிரந்தரவாசிகளுக்கு மட்டும்தான், நீங்கள் பகலில் திறந்திருக்கும்போது போய் உட்காரலாம் என்றார். அப்போது அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. அந்த விதிக்கு ஏழரை நூற்றாண்டு வயது என்பது பிறகுதான் தெரிந்தது.

பாரீஸில் மாணவருக்கு ஒரு கூரை என்ற எண்ணம் பிணங்களுக்கு நடுவே பிறந்தது என்றால் மிகையாகாது. ஜோசியஸ் என்ற லண்டன்காரர் 1180-இல் ஜெருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில் நோத்ர்தாம் கோயிலருகே இருந்த தர்ம மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஓர் அறையில் ஏழை மாணவர்கள் படுத்துறங்குவதைக் கண்டார். அந்த அறையை விலைகொடுத்து வாங்கிப் பதினெட்டு மாணவர்கள் நிரந்தரமாகத் தங்குவதற்கென்று எழுதிவைத்தார். மாணவர்கள் வாடகை தரவேண்டியதில்லை. பதிலுக்கு, மருத்துவமனையில் இறப்பவர்களின் உடல் வெளியே போகும்போது முறைவைத்துச் சிலுவையும் புனித நீரும் ஏந்தி முன்னே நடக்க வேண்டும். இரவில் அவர்களுக்காகச் சங்கீதங்கள் ஓத வேண்டும். ‘பதினெண்மர் கல்லூரி’ என்று பெயர். அக்காலத்தில் கல்லூரி என்றால் பாடம் நடக்கும் இடம் அல்ல, படுக்கும் இடம். பாடம் வேறெங்கோ, வாடகைக் கூடங்களில், தரையில் பரப்பிய வைக்கோல் மேல் உட்கார்ந்து கேட்பது. அந்த வைக்கோலின் பெயராலேயே ஒரு தெரு இன்றும் இலத்தீன் குடியிருப்பில் இருக்கிறது.

மருத்துவமனை அறை கிடைக்காதவர்களின் கதை வாடகைச் சண்டையின் கதை. பாரீஸ் பல்கலைக்கழகத்தின் பிறப்பைப் பற்றிப் படிக்கும்போது தத்துவ விவாதங்களைப் பெரிதாக எழுதுகிறார்கள். ஆனால் ஆவணங்களில் மீண்டும் மீண்டும் வருவது வீட்டு வாடகை. போப்பின் பிரதிநிதி ராபர்ட் 1215-இல் இயற்றிய விதிகளில், தங்குமிடத்தின் வாடகையை வரையறுக்க ஆசிரியரும் மாணவரும் தமக்குள் உடன்பாடு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. 1229-இல் மதுக்கடை ஒன்றில் விலை பற்றி எழுந்த தகராறு தெருச் சண்டையாகிக் காவலர்கள் மாணவர் சிலரைக் கொன்றனர். ஆசிரியரும் மாணவரும் நகரைவிட்டே வெளியேறினர். இரண்டாண்டு பாரீஸில் பாடம் இல்லை. போப் ஒன்பதாம் கிரிகோரி 1231-இல் சமாதானம் செய்து வைத்தபோது, வாடகைக்கு உச்சவரம்பு வைக்கும் உரிமை மறுக்கப்பட்டாலும் பாடங்களை நிறுத்திக்கொள்ளலாம் என்று சாசனமே எழுதித் தந்தார். கொலைக்கும் வாடகைக்கும் ஒரே மருந்து! வீட்டுக்காரரின் கொடுமையை அறிந்தவர்கள் இதில் வியக்க எதையும் காணமாட்டார்கள்.

இதற்குப் பின்னர் வந்ததுதான் எல்லோரும் அறிந்த சோர்போன். ஆர்தென் பகுதியில் சோர்போன் என்ற சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்து, அரசன் ஒன்பதாம் லூயியின் குருவாக உயர்ந்த ராபர்ட், ஏழை இறையியல் மாணவர்களுக்காக 1257-இல் நிறுவிய விடுதி அது. அங்கே இருவகையினர் தங்கினர். உறுப்பினர் ஒருவகை, ‘விருந்தினர்’ என்று இலத்தீனில் அழைக்கப்பட்டோர் மற்றொரு வகை. விருந்தினருக்கு உணவு உண்டு, படுக்கை உண்டு. பகலில் நூலகத்தில் படிக்கலாம். ஆனால் நூலகச் சாவி கிடையாது; கல்லூரி நிர்வாகத்தில் வாக்கும் கிடையாது. வரவேற்பில் சொல்லப்பட்டதை இதைப் படித்த அன்றிரவு நினைத்துக்கொண்டோம். எங்களைக் கீழ்மைப்படுத்துவதாகத் தோன்றிய ஒரு சிறு விதி, நாங்கள் யார் என்பதை எட்டே நொடியில் சரியாகச் சொல்லியிருந்தது.

பிரெஞ்சுப் புரட்சி 1793-இல் பழைய கல்லூரிகளையும் பல்கலைக்கழகத்தையும் ஒழித்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மாணவனுக்குத் தனியார் வீடுதான் கதி. பால்சாக்கின் ‘கோரியோ’ நாவலைப் படித்தவர்களுக்கு வோக்கேர் அம்மாளின் உண்டுறை விடுதி மறந்திருக்காது. சட்டம் படிக்க வந்த ராஸ்தினாக் அங்கேதான் தங்குகிறான். நாவலாசிரியர் அந்தக் கட்டடத்தின் பிசுக்குக்கும் வாடைக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியதை வெறும் வருணனை மோகம் என்று முன்பு எண்ணியிருந்தோம். அது நோயின் வருணனை என்று இப்போது தோன்றுகிறது. வெளிச்சமில்லாத, காற்றில்லாத, ஈரம் கசியும் அறைகள். காசநோய் அங்கே குடியிருந்தது.

இந்த இடத்தில்தான் ஆந்த்ரே ஒனோராவைச் சந்திக்கிறோம். அரசியல்வாதி. முதல் உலகப்போரின்போது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் யோசனையைப் பிரான்சில் முன்மொழிந்தவர். காசநோயாளிகளுக்கான சிகிச்சை இல்லங்கள் பற்றிய 1919-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரால் வழங்குகிறது. பகல் வெளிச்சத்தை வீணாக்கக்கூடாது என்பதும், நோய்க்கு வெயிலும் காற்றும் வேண்டும் என்பதும் ஒரே மனிதரின் கவலைகள் என்பது பொருத்தமாகவே இருக்கிறது. 1920-இல் கல்வி அமைச்சரானார். போரில் ஒரு தலைமுறையே அழிந்திருந்தது. எஞ்சியவர்களாவது வெளிச்சமுள்ள அறையில் இருந்து படிக்க வேண்டும். அதுமட்டுமல்ல, பகை நாடுகளின் இளைஞர்கள் ஒரே வளாகத்தில் சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கி, சேர்ந்து விளையாடினால் நாளை ஒருவரையொருவர் சுடமாட்டார்கள். இந்த இரண்டு எண்ணங்களும் அவருக்குள் ஒன்றாகக் கலந்திருந்தன.

எண்ணெய்த் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த எமீல் தொய்ச் த ல மெர்த் என்பவர் ஒரு கோடி பிராங்க் கொடுத்தார். பாரீஸ் கல்விக்கோட்டத் தலைவர் பால் அப்பெல் துணை நின்றார். லூசியன் பெக்மன் என்ற கட்டடக் கலைஞர் ஆங்கிலேயக் கல்லூரிகளையும் தோட்ட நகரங்களையும் மனத்தில் வைத்து ஏழு கட்டடங்களை வரைந்தார். 1923-இல் அடிக்கல், 1925 ஜூலையில் திறப்பு. கொடையாளி அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இடம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைச் சித்தே பற்றிய அழகிய படநூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. நாம் சற்று நிற்கலாம்.

1841 முதல் 1844 வரை பாரீஸைச் சுற்றி முப்பத்து மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதில் எழுந்தது. தியேர் என்ற அமைச்சரின் பெயரால் அதை அழைப்பர். தொண்ணூற்று நான்கு கொத்தளங்கள். எதிரி மறைந்து வர இடம் இருக்கக்கூடாது என்பதற்காக, மதிலுக்கு வெளியே இருநூற்றைம்பது மீட்டர் அகலத்துக்கு நிலையான கட்டடம் எதுவும் கட்டக்கூடாது என்று தடை. 1870-இல் பிரஷ்யப் படை வந்தபோது மதிலைத் தாண்டியே குண்டு வீசியது. மதில் வீண் என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் இடிக்க முடிவெடுத்தது 1919-இல்தான்.

கட்டடம் கூடாது என்றால் குடிசை கூடாதா? பழங்கந்தை பொறுக்குவோர், நாட்கூலிகள், நகரத்து வாடகை கட்டாதவர்கள் அந்தப் பட்டையில் மரப்பலகையாலும் தகரத்தாலும் குடில் போட்டனர். வெறுமனே ‘மண்டலம்’ என்ற சொல்லே அந்த இடத்தின் பெயராயிற்று. அங்கே வாழ்ந்தோர் ‘மண்டலத்தார்’. எழேன் அத்ஜே என்ற புகைப்படக்காரர் 1913 வாக்கில் அவர்களைப் படமெடுத்துத் தொகுத்து வைத்திருக்கிறார். வண்டிகள், மூட்டைகள், வாசலில் அமர்ந்திருக்கும் பெண்கள், கேமராவைப் பார்க்கும் குழந்தைகள். பிரெஞ்சில் இன்றும் ஒழுங்கற்றவனைத் திட்ட அந்த மண்டலத்தின் பெயரிலிருந்து பிறந்த சொல்லே பயன்படுகிறது.

சித்தே எழுந்தது இடித்த மதிலின் மேலும் அதையொட்டிய இந்தப் பட்டையின் மேலும்தான். மண்டலத்தாரை அப்புறப்படுத்தும் வேலை ஒரே நாளில் நடக்கவில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் மெல்ல நடந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் விஷி அரசு அதை விரைவுபடுத்தியது. உலக சமாதானத்துக்கான மாணவர் இல்லங்களுக்கு இடம் விட்டுக்கொடுத்தோரில் ஏழைகள் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இதைச் சொல்வது ஒனோராவைக் குறைசொல்ல அல்ல. மலிவான அறை ஒன்று கிடைத்தால், அது யாருக்கு எப்படி மலிந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பதற்காகவே.

முதல் இல்லத்துக்குப் பின் நாடுகள் போட்டிபோட்டுக்கொண்டு வந்தன. கனடா 1926, பெல்ஜியம் 1927, அர்ஜென்டினா 1928. ஜப்பான் இல்லம் 1929-இல் திறக்கப்பட்டது. பருத்தி வணிகக் குடும்பத்தின் வாரிசான சத்சுமா ஜிரோஹாச்சி என்ற இளைஞர் தம் பணத்தில் கட்டித் தந்தது அது. பூஜிதாவின் பெரிய ஓவியங்கள் இரண்டு அங்கே இருக்கின்றன. பாரீஸில் ‘பிரபு’ என்றழைக்கப்பட்ட சத்சுமா செல்வத்தையெல்லாம் செலவழித்து முடித்து, ஊர் திரும்பி, 1976-இல் தோக்குஷிமாவில் எளிய மனிதராக இறந்தார். அவர் கட்டிய இல்லத்தில் இன்றும் மாணவர்கள் இருக்கிறார்கள். செலவழித்த பணத்தில் அது ஒன்றாவது நின்றது. அமெரிக்கக் கோடீசுவரர் இளைய ஜான் ராக்பெல்லரின் கொடையில் எழுந்த மைய மாளிகை 1936-இல் வந்தது. பொது உணவகம், நாடக அரங்கு, நீச்சல் குளம், நூலகம் எல்லாம் அதில். அதன் சாய்ந்த கூரைகளும் அரண்மனைத் தோரணையும் எங்களைக் கவரவில்லை. ஆனால் அதன் முன்னாலுள்ள புல்வெளியில் மாலை நேரத்தில் படுத்துக்கிடப்பதைப் போன்ற சுகம் பாரீஸில் வேறில்லை. அதற்குக் கட்டணமும் இல்லை.

கட்டடக்கலை ஆர்வலர்கள் நேரே போய் நிற்பது 1933-இல் திறந்த சுவிஸ் இல்லத்தின் முன்னால். லெ கொர்புசியே கட்டியது. நம் நாட்டவருக்குச் சண்டிகரின் மூலம் அறிமுகமானவர்; அதற்கு ஏறத்தாழ இருபதாண்டுக்கு முந்தைய வேலை இது. அடியில் பழைய கல் சுரங்கங்கள் இருந்ததால் அடித்தளத்தை மிக ஆழத்துக்கு இறக்கவேண்டியிருந்தது. தரைத்தளத்தைக் காலியாக விட்டு, தூண்களின் மேல் அறைகளை அடுக்கினார். தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. காசநோய்க்கு அஞ்சிய காலத்தின் கட்டடம் என்பது அதைப் பார்த்ததும் புரிகிறது. ஒவ்வோர் அறையும் வெயிலுக்குக் கை நீட்டி நிற்கிறது. அறைகளுக்கான மேசை நாற்காலிகளில் ஷார்லோத் பெரியாந் என்ற பெண் வடிவமைப்பாளரின் கைவண்ணம் உண்டு. திறந்த புதிதில் லோசான் நகர நாளிதழ் ஒன்று, கூடத்துச் சுவரில் ஒட்டிய பெரிய புகைப்படங்கள் இளைஞரின் மனத்தைக் கெடுக்கும் என்று சாடியது. அவை வெறும் இயற்கைக் காட்சிகளும் நுண்ணோக்கிப் படங்களுமே! போர்க்காலத்தில் அவை சிதைந்தன. 1948-இல் லெ கொர்புசியே அந்தச் சுவரில் ஓவியம் தீட்டிக் கொடுத்தார். பிற்பாடு லூசியோ கோஸ்தாவுடன் சேர்ந்து அவர் கட்டிய பிரேசில் இல்லம் 1959-இல் வந்தது.

இந்தியா இல்லம் 1968-இல் சேர்ந்தது. ஒரு மாலை அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது உள்ளிருந்து குக்கர் விசில் கேட்டது. மூன்றாவது விசிலுக்குப் பிறகு யாரோ அடுப்பை அணைத்தார்கள். அதற்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

ஒவ்வொரு நாட்டு இல்லத்திலும் அந்நாட்டாரே இருந்துவிடக்கூடாது, ஒரு பங்கு அறைகளைப் பிறநாட்டாருக்குத் தரவேண்டும் என்பது சித்தேயின் வழக்கம். ‘கலப்பு’ என்று அதற்குப் பெயர். ஒனோராவின் கனவுக்கு உயிர்நாடி அதுதான். கனவு பலித்ததா?

1930 மார்ச்சில் இந்தோசீன மாணவர் இல்லத்தைக் குடியரசுத் தலைவர் தூமெர்க் திறந்துவைத்தார். வியட்நாமின் இளம் அரசர் பாவோ தாயும் வந்திருந்தார். முந்தைய மாதம்தான் யென் பாய் என்ற இடத்தில் காலனிப் படையின் வியட்நாமிய வீரர்கள் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டிருந்தனர். விழா நடுவே வியட்நாமிய மாணவர்கள் துண்டறிக்கை வீசி முழக்கமிட்டார்கள். தங்குவதற்கு அறை தந்தவனிடம் நாடு கேட்டார்கள். விருந்தோம்பலின் பேரால் யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. முதல் இல்லத்தின் தொடக்க காலவாசிகளில் துனிசியாவின் பூர்கிபாவும் இருந்தார். செனகலின் செங்கோரும் சித்தேவாசியே. இருவரும் பின்னாளில் தத்தம் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர்கள் ஆனவர்கள்.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரீஸுக்குள் வந்தது. சமாதானத்துக்காகக் கட்டிய இல்லங்களில் ராணுவத்தார் தங்கினர். அவர்கள் போனபின் அமெரிக்கப் படையினர். அடுக்கி வைத்த ஒற்றைக் கட்டில்களும் பொது உணவகமும் ஒரு படைக்கு எவ்வளவு வசதி என்பதை ஒனோரா எதிர்பார்த்திருக்கமாட்டார். 1968 மே மாதக் கிளர்ச்சியில் பல இல்லங்களை மாணவர் கைப்பற்றினர். பிராங்கோவின் அரசுக்குரிய ஸ்பானிய இல்லம் அன்று மூடியது, 1987-இல்தான் மறுபடி திறந்தது. ஈரான் இல்லம் 1969-இல் திறந்து, மூன்றே ஆண்டில் ஈரான் விலகிக்கொள்ள, அவிசென்னா என்று மேலைநாட்டார் வழங்கும் பாரசீக மருத்துவ ஞானியின் பெயரைச் சூடிக்கொண்டது.

எல்லாவற்றிலும் துயரமானது கம்போடிய இல்லத்தின் கதை. 1957-இல் திறந்த கட்டடம். ஊரில் உள்நாட்டுப்போர் மூண்டபோது அதே போர் இந்த மாடிகளிலும் மூண்டது. லோன் நோல் பக்கத்தாரும் எதிர்ப்பக்கத்தாரும் 1973 ஜனவரியில் மோதிக்கொண்டதில் ஓர் உயிர் போயிற்று. இல்லம் மூடப்பட்டு, முப்பதாண்டு பாழாய்க் கிடந்து, 2003-இல் திறந்தது. ஒரே கூரையின்கீழ் ஒரே நாட்டவர், ஒரே மொழி பேசுவோர். சேர்ந்து வாழ்ந்தால் பகை தீரும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கொடிய மறுப்பு வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் போயிருந்த கோடையில் அந்த இல்லத்தின் படிகளில் நாலைந்து நாட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். இரண்டும் உண்மை. எதை எதனால் கழிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வளாகத்தின் தெற்கெல்லையில் நிற்காமல் ஓடும் வட்டச்சாலை, 1973-இல் முழுவதுமாய் முடிந்தது. மதில் போன தடத்திலேயே நகரைச் சுற்றி ஓடுகிறது. சித்தே மாணவர்களுக்கென்று முப்பதுகளில் கட்டிய திருக்கோயில் ஒன்று இந்தச் சாலையால் வளாகத்திலிருந்து துண்டிக்கப்பட்டு அக்கரையில் நிற்கிறது. நடைபாலம் வழியாகத்தான் போகவேண்டும். இப்போது அது போர்த்துக்கீசியத் தொழிலாளர் குடும்பங்களின் கோயில். கிழக்கே அரைமணி நேரம் நடந்தால், பழைய மதிலின் எஞ்சிய துண்டுகளில் ஒன்றான பொப்ளியே திட்டிவாசலைக் காணலாம். அழுக்கேறிய கல் வளைவுகள், அடியில் ஒரு தெரு, மேலே கெல்லர்மன் பெருஞ்சாலை. யாரும் நின்று பார்ப்பதில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது காரோட்டி ஒருவர் ஒலியெழுப்பி ஒதுங்கச் சொன்னார்.

இனி அந்தப் பொதுச் சமையலறை. அலமாரித் தட்டுகள் ஒவ்வொன்றிலும் அறை எண் ஒட்டியிருக்கும். பெரும்பாலானவை காலி. கோடையிலும் ஊருக்குப் போகாதவர் சிலர் உண்டு. பயணச்சீட்டுக்குப் பணமில்லாதவர்கள் அல்லது ஆய்வேட்டை முடிக்கவேண்டியவர்கள். அவர்களில் ஒரு துனிசிய ஆய்வு மாணவி நாங்கள் பருப்பு வேகவைப்பதை மூன்று நாள் வேடிக்கை பார்த்தபின் நான்காம் நாள் பேசத் தொடங்கினார். எங்கள் அறை எண்களைக் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கள் இருப்பது என் தோழியின் அறை” என்றார்.

குற்றம் சாட்டும் குரல் அல்ல. அந்தத் தோழிக்கும் ஊருக்குப் போக வழியில்லை. ஆனால் அவருடைய ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிந்து, செப்டம்பரில்தான் புதிதாகத் தொடங்கும். இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கு மாணவர் வாடகைக்கு இடமில்லை. வருகையாளர் வாடகை அவருக்குக் கட்டாது. எங்களுக்கு மலிவு என்று தோன்றிய தொகை அவருக்கு மாதச் செலவையே விழுங்கும் தொகை. எனவே புறநகரில் யாரோ ஒருவர் வீட்டு நடைக்கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்திருக்கிறார் என்றார்.

அன்றிரவு எங்களில் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் இல்லத்தின் நிர்வாகியிடம் பேச்சுவாக்கில் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. தொண்ணூறாண்டுக் கட்டடம். கூரை ஒழுகுகிறது, வெந்நீர்க் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. மாணவர் தரும் வாடகை ஆண்டு முழுக்கச் சேர்ந்தாலும் போதாது. அதை உயர்த்தவும் மனமில்லை. கோடையில் உங்களைப் போன்றவர்கள் தரும் பணத்தில்தான் குளிர்காலத்தில் அவர்களுக்குச் சூடு தருகிறோம் என்றார். தோழியைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் தயங்கி, “அவரைப் போல ஒவ்வோராண்டும் ஏழெட்டுப் பேர்” என்றார். அந்த மனிதர் நல்லவர். அவருடைய கணக்கிலும் பிழை இல்லை. நாங்களும் விதிப்படிதான் வந்திருந்தோம். மதில் பட்டையின் குடில்களை அகற்றிய அதிகாரியிடமும் இப்படி ஒரு பிழையற்ற கணக்கு இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அது நியாயமான ஒப்பீடு அல்ல என்று உடனே தள்ளிவிட்டோம். முழுக்கத் தள்ள முடிந்தது என்று சொல்லமாட்டோம்.

மீதி நாட்களுக்கு அறையை அந்தப் பெண்ணுக்கே விட்டுவிடலாமா, பணம் கட்டிவிட்டோமே என்று எங்களுக்குள் பேசினோம். அறையை மற்றவருக்கு மாற்றித் தர விதியில் இடமில்லை. இருவரும் ஓர் அறையில் நெருக்கிக்கொள்ளவும் தடை. இதைச் சொல்லித் தப்பித்துக்கொண்டோம் என்று சொன்னாலும் தவறில்லை.

பத்தாம் நாள் மாலை கதவு தட்டும் ஓசை. துனிசிய மாணவியும் இன்னொரு பெண்ணும் நின்றார்கள். அறிமுகம் தேவைப்படவில்லை. அலமாரியின் மேல்தட்டில் பூட்டிவைத்த ஒரு பெட்டியில் அகராதி ஒன்று இருக்கிறது, ஆய்வுக்கு அவசரமாக வேண்டும், தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும், உள்ளே வரலாமா என்று அந்தப் பெண் கேட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நாற்காலியைத் தேடாமல், கட்டிலின் கால்மாட்டில் கால்வைத்து ஏறி, எட்டி, பெட்டியை இறக்கினார். அந்த உயரம் அவருடைய கைக்குப் பழகியிருந்தது. அகராதியை எடுத்தார். பெட்டியைப் பழையபடி மேலே வைத்துப் பூட்டினார். சன்னல் கொக்கி சரியாக விழாது, கொஞ்சம் தூக்கி அழுத்தவேண்டும் என்று எங்களுக்குச் செய்து காட்டினார்.

தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே என்றோம். சமையலறையில் நால்வருமாக நின்றபடியே குடித்தோம். செப்டம்பர் முதல் தேதிக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள் என்று அவர் சொன்னார்.